கழுத்தைப் பிடிக்கும் காட்சி

நான்கு நிமிடப் படம். திருடன் வீட்டுக்குள் வருகிறான். தனியாக இருக்கும் பெண்ணின் கழுத்தைப் பிடிக்கிறான். அவள் தப்பிக்கிறாள். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற எனக்கு முதல் படத்தில் இதற்கு மேல் கதை வரவில்லை.

பெண்ணாக அக்கா. திருடனாக அத்தான். ஒரு மாதமாக எங்கள் வீட்டில் இருந்த அக்காவை அழைத்துப்போக வந்திருந்தார். மாலை ஐந்தரைக்கு பஸ்.

"அடிக்கிறார்டா" என்று அக்கா வந்த அன்றே சொன்னாள். "நீ என்ன சொன்ன அவர?" என்று கேட்டேன். அப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"சேர்ந்து நடிச்சா மனஸ்தாபம் போயிடும்" என்று சொல்லிவிட்டு அம்மா காய் வாங்கப் போனாள்.

போனைச் சமையலறை அலமாரியில், உப்பு டப்பாவுக்கும் பருப்பு டப்பாவுக்கும் நடுவே சொருகினேன். திரை சுவர்ப் பக்கம் இருந்தது. பக்கவாட்டுப் பட்டனை ஒருமுறை அழுத்தினால் பதிவாகும், மறுமுறை அழுத்தினால் நிற்கும்.

முதல் டேக்கில் அத்தான் பூவைத் தொடுவதுபோல் தொட்டார்.

"அத்தான், கல்யாண ஆல்பத்துக்கு நிக்கறீங்க."

"உங்க அக்கா மேல கை வைக்க எனக்கு ஏது மாப்ள தைரியம்?"

இரண்டாவதில் அக்கா மரமாக நின்றாள். "முகத்துல பயமே இல்லக்கா. கொஞ்சம் நடி." வெளிச்சம் போதவில்லை. மேஜை விளக்கை எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனேன். திரும்பியபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"அப்படியே இரு" என்றேன்.

மூன்றாவது டேக் பிரமாதம். அவள் நடுங்கினாள். அவர் ஒரே அசைவில் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினார்.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"தானா வருது மாப்ள."

நாலரைக்கு மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்று டேக்கில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. முதல் அழுத்தல் பதியவில்லை. அதன்பின் எல்லாம் தலைகீழ். 'ஆக்ஷன்' என்றபோது நின்று, 'கட்' என்றபோது ஓடியிருக்கிறது.

இரண்டாவது துண்டில் நான் விளக்கெடுக்கப் போகிறேன். அத்தான் அக்காவின் வயிற்றில் குத்துகிறார். இன்னொரு குத்து. அவள் மடிகிறாள். முடியைப் பிடித்து நிமிர்த்துகிறார். குரல் உயரவில்லை. "தம்பி கேக்கறான்ல. நடி."

பிறகு என் குரல்: "அப்படியே இரு."

கீழே அத்தான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். இறங்கிப்போய் வாசல் கதவைத் தாழிட்டேன்.

"என்ன மாப்ள, இன்னொரு டேக்கா?"

போனை நீட்டினேன். முடியும்வரை பார்த்தார். பிறகு அதன் விளிம்பால் என் வாயில் அடித்தார். விழுந்தேன். விலாவில் உதைத்தார். எண்ணி உதைப்பதுபோல், நிதானமாக. என் கருவிப் பையிலிருந்து சுத்தியலை எடுத்துப் போனை நொறுக்கினார். தடுக்கப்போன கைமேலும் இறக்கினார். விரல் உடைந்தது எனக்கே கேட்டது.

"இப்ப உன்கிட்ட என்ன இருக்கு?" என்றார்.

அக்கா அறை வாசலில் நின்றிருந்தாள். அவரைப் பார்க்கவில்லை.

"பாத்துட்டியாடா?"

வாயில் ரத்தம். தலையசைத்தேன்.

அவள் எங்களைக் கடந்துபோய்த் தாழை நீக்கிக் கதவைத் திறந்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. கிளம்புங்க."

"நீ?"

அவர் கையில் இன்னும் சுத்தியல் இருந்தது. அக்கா அருகே வந்து கை நீட்டினாள்.

"அது என் தம்பியோடது. வச்சுட்டுப் போங்க."