முடிச்சு போடாத பொத்தான்

கத்திரி என்ற பட்டப்பெயர் அவளுக்கு இரண்டு காரணங்களால் ஒட்டிக்கொண்டது. இருபத்தாறு வருடம் தையல் கடை நடத்தியவள் என்பது ஒன்று. மற்றது அவளுடைய வாய். அளவெடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கும் ஆண்களிடம், "மூச்சை விடுங்க சார், எப்படியும் ஒரு நாள் விட்டுத்தானே ஆகணும்" என்று முகத்துக்கு நேராகச் சொல்வாள். அப்படியும் ஆட்கள் அவளைத் தேடித்தான் வந்தார்கள். அவள் தைத்த பொத்தான் விழாது. விழுந்தால் அடுத்த சட்டை இலவசம் என்று கடைச் சுவரில் எழுதி மாட்டியிருந்தாள். இத்தனை வருடத்தில் ஒரு ஆள்கூட அந்த இலவசச் சட்டையை வாங்கியதில்லை.

அப்புறம் முடக்குவாதம் வந்தது. உடம்பு தன் மூட்டுகளையே எதிரியாக நினைத்து அரிக்கிற நோய் என்று மருத்துவர் விளக்கினார். காலையில் விரல்கள் மடங்கிக் கிடக்கும். வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, மாத்திரையும் போட்டால் பதினோரு மணிவாக்கில் கொஞ்சம் விரியும். மூன்று மணிக்குப் பழையபடி மடங்கிக்கொள்ளும். முதலில் கத்திரிக்கோல் கைவிட்டது, பிறகு தையல் மிஷின், கடைசியில் கடையையே மூடினாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தங்கையோடு இரண்டு அறை வீட்டில் இருந்தாள். தினமும் காலையில் தங்கைதான் அவளுக்கு ஸ்வெட்டர் பொத்தான் போட்டுவிடுவாள், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியக்கூடாது என்பது கத்திரியின் கண்டிப்பான உத்தரவு.

இந்த நோயை அந்த இடத்திலேயே நிறுத்திவைக்க ஒரு ஊசி உண்டு. இருவருடைய சம்பாத்தியத்துக்கும் எட்டாத ஊசி. அரசாங்கத்தின் ஊனமுற்றோர் அட்டை இருந்தால் உதவித்தொகையோடு அந்த ஊசியும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு வருடத்தில் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும், அதற்கப்புறம் ஊசி போட்டும் பிரயோஜனமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

விண்ணப்பம் முப்பத்திரண்டு பக்கம். தங்கை வாசிக்க வாசிக்க அக்கா பதில் சொன்னாள். சட்டைப் பொத்தானைப் போட முடியுமா என்று ஒரு கேள்வி. எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை என்று மூன்று கட்டங்கள். பதினோரு மணிக்கு மேல் முடியும், மூன்று மணிக்கு மேல் முடியாது என்று எழுதச் சொன்னாள் கத்திரி. அதற்குக் கட்டம் இல்லை என்றாள் தங்கை. கட்டம் போட்டவனுக்கு உடம்பே இல்லை போலிருக்கிறது என்று அக்கா முணுமுணுத்தாள். கடைசியில் 'சில நேரம்' கட்டத்தில் டிக் விழுந்தது.

நேர்காணலுக்குக் காலை எட்டரைக்கு வரச்சொல்லி, பன்னிரண்டு மணிக்குத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். அதற்குள் விரல்கள் ஓரளவு விரிந்திருந்தன. அதிகாரி மரியாதையான மனிதர். பழுப்புக் கோட்டு போட்டிருந்தார். சாப்பிடுவீர்களா, குளிப்பீர்களா என்று கேட்டுக்கேட்டுக் கணினியில் தட்டிக்கொண்டிருந்தார். கத்திரியின் கண் அவர் முகத்தில் நிற்கவில்லை. கோட்டின் நடுப் பொத்தான் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அவளால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"சார், அந்தப் பொத்தான் சாயங்காலத்துக்குள்ள விழுந்துடும். கோட்டைக் கழட்டிக் குடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். அவள் பையில் எப்போதும் நூல் கோத்த ஊசி இருக்கும். வாராவாரம் தங்கை கோத்து வைப்பாள். நான்கு முறை ஊசியை ஏற்றி இறக்குவதற்குள் மணிக்கட்டுவரை வலி பிடுங்கித் தின்றது. அதைப் பொறுத்துக்கொண்டாள். கடைசி முடிச்சு போடும் இடத்தில்தான் மாட்டிக்கொண்டாள். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடவே மறுத்தன. இரண்டு முறை முயன்றாள். அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். முடியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நூலைப் பொத்தானின் அடியில் சும்மா மூன்று சுற்றுச் சுற்றி, பல்லால் கடித்துத் துண்டித்துக் கோட்டைக் கொடுத்துவிட்டாள். அவள் வாழ்நாளில் முடிச்சு போடாமல் விட்ட முதல் பொத்தான் அது.

"கைன்னா இது கைம்மா" என்றார் அதிகாரி. அந்த ஒரு வார்த்தையை வீடுவரைக்கும் பத்திரமாகக் கொண்டு வந்தாள்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. விண்ணப்பம் நிராகரிப்பு. காரணத்தைத் தங்கை வாசித்தாள்: 'விண்ணப்பதாரர் நேர்காணலின்போது தம் கையாலேயே எனது கோட்டுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தார். விரல்களின் நுண்ணிய இயக்கத்தில் குறைபாடு எதுவும் காணப்படவில்லை.'

மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள் கத்திரி. தங்கை அழுதாள், அவள் அழவில்லை.

"நல்ல வார்த்தையும் சொல்லிட்டு, இதையும் எழுதியிருக்கான் பாரு" என்றாள். 'சார்' போய் 'அவன்' வந்தாகிவிட்டது.

மேல்முறையீட்டு வேலைகளைத் தங்கை பார்த்துக்கொண்டாள். புதிய எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம், கையெழுத்து என்று ஓடினாள். கத்திரியின் புத்தியோ கோட்டிலேயே கிடந்தது. கோட்டை மடியில் வைத்துத் தைத்தபோதே அவள் பார்த்துவிட்டாள், பொத்தான் துளை ஓரம் கலையாமல் புதுசாக இருந்தது. அந்தக் கோட்டைவிட்டு அவருடைய வயிறு எப்போதோ தனிக்குடித்தனம் போயிருந்தது. ஏதோ புகைப்படத்துக்காக ஒருமுறை இழுத்துப் போட்டிருப்பார், அதில் பழைய நூல் அறுந்திருக்கும். மற்றபடி திறந்து போட்டுக்கொண்டுதான் திரிகிறார். போடாதவரை பொத்தான் நிற்கும். போட்டால் நிற்காது.

கோட்டைத் திருப்பி, முடிச்சு இல்லை பாருங்கள் என்று மேல்முறையீட்டை விசாரிக்கும் குழுவிடம் காட்டினாலே போதும்தான். ஆனால் அதில் அவள் வயிற்றெரிச்சல் அடங்காது. நாலு பேர் பார்க்க அவர் வயிற்றில் இருந்து அது தெறிக்க வேண்டும்.

விசாரணைக்கு நான்கு மாதம் இருந்தது. தான் தைத்த பொத்தான் விழுந்துவிடுமோ என்று வாழ்க்கையில் முதல் முறையாகக் கவலைப்பட்டாள். செவ்வாய்க்கிழமைதோறும் ஏதாவது ஒரு காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனாள். ஒரு வாரம் வாடகை ரசீது நகல், அடுத்த வாரம் அதே ரசீதின் இன்னொரு நகல். வீங்கிய முழங்காலோடு இரண்டு மாடி ஏறி, கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்து, பொத்தான் இருப்பதை உறுதி செய்துகொண்டு இறங்குவாள். ஒரு வாரம் கோட்டு நாற்காலி முதுகில் மடிந்து கிடந்ததால் பொத்தான் கண்ணில் படவில்லை. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"இப்படி வாராவாரம் மாடி ஏறினா, காலும் நல்லாயிருக்குன்னு அதையும் எழுதிடுவாங்கக்கா" என்றாள் தங்கை. எதற்காகப் போகிறாள் என்று அவளுக்குத் தெரியாது. முடிச்சு போட முடியாமல் போனதை அக்கா அவளிடம்கூடச் சொல்லவில்லை.

விசாரணையைக் காலை ஒன்பது மணிக்கு வைத்திருந்தார்கள். வெந்நீருக்கு நேரம் போதவில்லை. மடங்கிய விரல்களோடு போய் உட்கார்ந்தாள். நீள மேசையின் அந்தப் பக்கம் தடித்த கண்ணாடி போட்ட குழுத்தலைவியும் இரண்டு உறுப்பினர்களும் இருந்தார்கள். பக்கவாட்டில் அதிகாரி. பழுப்புக் கோட்டு. பொத்தான் இருந்தது. கத்திரிக்கு அதைப் பார்த்ததும் மூச்சு வந்தது.

தங்கை எக்ஸ்ரேக்களைக் காட்டினாள். அதிகாரி தன் அறிக்கையிலிருந்து அந்த வரியை அப்படியே வாசித்தார். கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினேன் என்றார். தலைவி கத்திரியைப் பார்த்து, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

"எனக்கு எதிரா இருக்கற ஒரே சாட்சி அந்தப் பொத்தான்தான் மேடம். சாட்சியையும் ஒரு வார்த்தை விசாரிச்சுடுங்க. சார் அதைப் போட்டுக் காட்டட்டும்."

உறுப்பினர் ஒருவர் சிரித்தார். தலைவி தயங்கிவிட்டு, தலையசைத்தார். அதிகாரி உற்சாகமாக எழுந்தார். எவ்வளவு உறுதியாகத் தைத்திருக்கிறாள் என்று காட்ட அவருக்கே ஆசை. வயிற்றை எக்கி, இரண்டு பக்கத்தையும் இழுத்து, பொத்தானைத் துளைக்குள் திணித்துவிட்டு நிமிர்ந்து நின்றார். முகம் சிவந்தது. பொத்தான் நின்றது.

கத்திரி அவசரப்படவில்லை. இருபத்தாறு வருடம் எத்தனையோ வயிறுகளைப் பார்த்தவள்.

"மூச்சை விடுங்க சார்" என்றாள்.

அவர் விட்டார். பொத்தான் மேசையில் விழுந்து, உருண்டுபோய்த் தலைவியின் கோப்பில் முட்டி நின்றது. உறுப்பினர்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

வயிறு பெருத்தால் எந்தப் பொத்தானும்தான் தெறிக்கும் என்று அதிகாரி தடுமாறினார். அதைச் சொல்லும்போதே அவருக்கு வியர்த்துவிட்டது.

"நூலைப் பாருங்க மேடம்" என்றாள் கத்திரி. "அறுந்த நூல்னா பிசிறு இருக்கும். இது அறுந்து போகலை, முழுசா உருவிட்டு வந்திருக்கு. முடிச்சே இல்லை. அன்னைக்கு என்னால முடிச்சு போட முடியலை. ரெண்டு தடவை பாத்தேன், விரல் சேரலை. சும்மா சுத்திக் குடுத்துட்டேன்."

தலைவி நூலைக் கண்ணாடிக்கு அருகில் பிடித்துப் பார்த்தார். கோட்டின் உட்பக்கத்தையும் பார்த்தார். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"வெக்கமா இருந்துச்சு மேடம்."

பக்கத்தில் தங்கை திரும்பி அவளையே பார்த்தாள். கத்திரி அவள் பக்கம் பார்க்கவில்லை. இத்தனை மாதம் ஆசையாகக் காத்திருந்த இடத்தில், தன் வாயால் தன்னையே வெட்டிக்கொண்டது அப்போதுதான் உறைத்தது. வலித்தது. ஆனாலும் அதிகாரியின் முகத்தைப் பார்க்கப் பார்க்க, அந்த வலிக்கு அது தகும் என்றே தோன்றியது.

அரை மணி நேரத்தில் தீர்ப்பு சொன்னார்கள். அட்டை உண்டு, ஊசி உண்டு, அந்த அறிக்கை செல்லாது. பொத்தானைத் திருப்பித் தரும்படி அதிகாரி கேட்டார். அது சான்று, கோப்பில்தான் இருக்கும் என்றார் தலைவி. கோப்பில் அது ஒட்டப்படுவதை நின்று பார்த்துவிட்டுத்தான் கத்திரி வெளியே வந்தாள். அந்த ஜாதிப் பொத்தான் கடைகளில் வருவது நின்று பல வருடம் ஆகிறது என்பது அவளுக்குத் தெரியும்.

நடைபாதையில் அதிகாரி பின்னாலேயே வந்தார். நாலு பேர் முன்னால் இப்படி அவமானப்படுத்தியிருக்க வேண்டாம் என்று மெல்லிய குரலில் சொன்னார். கத்திரி நின்றாள்.

"சார், என் கடையில ஒரு போர்டு இருந்துச்சு. நான் தைச்ச பொத்தான் விழுந்தா அடுத்த சட்டை இலவசம்னு. இருபத்தாறு வருஷத்துல உங்களுக்கு மட்டுந்தான் விழுந்திருக்கு. என்னைக்காவது இந்தக் கையால முடிஞ்சா தைச்சுத் தரேன். வந்து வாங்கிக்கங்க, வாங்கிட்டு அதையும் எழுதிக்கங்க."

அவர் கோட்டின் இரண்டு பக்கத்தையும் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். வாசல் பக்கம் குளிர்காற்று அடித்தது. கத்திரி தன் ஸ்வெட்டரின் முன்பக்கத்தைத் தங்கையிடம் நீட்டினாள்.

"பொத்தானைப் போட்டு விடுடி" என்றாள், அவருக்கு நன்றாகக் கேட்கும்படி. தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட்டாள். கடைசிப் பொத்தான் போட்டு முடியும்வரை கத்திரி அவர் முகத்தை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.