இடது மூலையில் ஒரு குண்டு

செஞ்சியில் வீடியோ கேம் என்றால் என்ன என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். பாண்டிச்சேரி போகும் தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். மதியம் அங்கே பஸ் நிற்கும் நேரத்தில் டிரைவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். நான் கடற்கரைப் பக்கம் ஒரு கடையில் இருக்கும் கேம் மெஷினுக்குப் போய்விடுவேன். பீரோ உயரத்துக்கு ஒரு பெட்டி, நடுவில் டி.வி. காசு போட்டால் ராக்கெட் பறக்கும்.

சாயங்காலம் திரும்பி வந்து முருகையன் டீக்கடையில் உட்கார்ந்தால் என்னைச் சுற்றி நாலு பேர் இருப்பார்கள். கார் ஓட்டுகிற கேம் எல்லாம் சும்மா, ராக்கெட் கேம்தான் கேம் என்பது என் கட்சி. ஜப்பான்காரனை விட்டால் வேறு எவனுக்கும் கேம் செய்யத் தெரியாது என்பதும் என் கட்சி. ஒருநாள் பேப்பரில், வீடியோ கேம் ஆடினால் கண் கெட்டுப்போகும் என்று யாரோ ஒரு டாக்டர் எழுதியிருந்தார்.

"அந்த டாக்டரு ஒரு ஆட்டமாவது ஆடியிருப்பாரா? என் கண்ணப் பாரு, கெட்டுப் பூட்டுதா?" என்று கேட்டேன். முருகையன் என்னைத் தனகோட்டி என்று கூப்பிடமாட்டான், 'கேம் மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவான். அதை விட்டால் இந்த ஊரில் எனக்கென்று வேறு பேர் கிடையாது.

எண்பத்தாறாம் வருஷம் அந்தப் பேருக்கு வந்து சேர்ந்தது வினை. வளையல் கடை ஜான் பாஷாவின் மச்சான் சவுதியிலிருந்து லீவில் வந்தான். எல்லாருக்கும் சென்ட், டார்ச் லைட். ஜான் பாஷாவுக்கு மட்டும் உள்ளங்கை அளவில் ஒரு கேம்.

மூன்று மரம். மூன்றிலிருந்தும் பழம் விழும். கீழே கூடையோடு ஓர் ஆள். பட்டனை அழுத்தி அவனை இடமும் வலமும் நகர்த்திப் பிடிக்க வேண்டும். மூன்று பழம் தரையில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. இது ஒரு கேமா? கலர் கிடையாது, ராக்கெட் கிடையாது. எல்லாம் கால்குலேட்டரில் எண் தெரிகிற மாதிரி கருப்புக் கருப்பாக.

ஆனால் டீக்கடை காலியாகிவிட்டது. அத்தனை பேரும் வளையல் கடை வாசலில். போன மாதம் வரைக்கும் 'வீடியோ கேம்னா டெக்குல போடற கேசட்டா?' என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தவன் ஜான் பாஷா. இப்போது அவன் பேச, ஊர் கேட்கிறது.

"பெரிய மெஷினு எல்லாம் பழசுப்பா. இனிமே எல்லாமே கையிலதான்" என்கிறான். எனக்கு வயிறு எரிந்தது. சொல்ல என்ன வெட்கம், பற்றிக்கொண்டு எரிந்தது. கேமை யார் கையிலும் கொடுக்கமாட்டான். நானும் தினமும் நாலு தலைக்குப் பின்னால் நின்று, ஒன்றும் தெரியாமல், அது கீச் கீச்சென்று கத்துவதை மட்டும் கேட்டுவிட்டு வருவேன்.

ஒருநாள் சோறு போடும்போது என் பெண்டாட்டி ரஞ்சிதம் ஆரம்பித்தாள்.

"ஏங்க, ஜான் அண்ணன் ஐந்நூறு பாயிண்டு எடுத்துட்டாராமே."

"அது கொழந்தைங்க சாமான்."

"அப்பறம் ஏன் தெனம் அங்கப் போயி நிக்கறீங்க?"

குழம்பில் உப்பே இல்லை என்றேன். இருந்தது.

மறுநாள் டீக்கடையில் என் வாய் சும்மா இருக்கவில்லை. ஒரு தடவை என் கையில் கொடுத்துப் பார்க்கட்டும், ஐந்நூறு எல்லாம் எனக்கு ஒரு பொருட்டா என்று சொல்லிவிட்டேன். முருகையன் அதை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தான். ஜான் பாஷா கோபித்துக்கொள்ளவில்லை.

"வெள்ளிக்கெழம தொழுகை முடிஞ்சதும் வரச் சொல்லு. ஐந்நூறு எடுத்துட்டா அவன்தான் மாஸ்டரு, நானே சொல்றேன்" என்றானாம்.

பஸ்ஸுக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். கடை முன்னால், வீடு பின்னால், நடுவில் ஒரு திரை. வாசலில் நிற்க இடமில்லை. ஜான் பாஷா உள்ளே குரல் கொடுத்தான். அவன் அம்மா பக்ருன்னிசா துணியில் சுற்றிய கேமைத் திரை வழியாக நீட்டினார். அவன் அப்படியே என் கையில் வைத்தான். நான் துணியைப் பிரித்து ஆட்டத்தை ஆரம்பித்தேன்.

இடது பக்க மரத்துக்குக் கீழே, மூலையில், பச்சைப்பயறு அளவில் ஒரு கருப்பு உருண்டை இருந்தது. மற்றதெல்லாம் நகர்ந்தது. அது நகரவில்லை. பாண்டிச்சேரி மெஷினில் நான் படித்த பாடம் ஒன்று உண்டு. நகருவதிலிருந்து தப்பிக்கலாம், சும்மா நிற்பதுதான் ஆளைக் கொல்லும்.

"பாத்துக்கோங்க, லெப்ட்ல குண்டு வெச்சிருக்கான். கிட்டப் போனா காலி" என்றேன்.

"ஜான் அங்கல்லாம் போவானேப்பா" என்றான் முருகையன்.

"அது அவன் லக்கு."

இடது மரத்திலிருந்து ஒரு பழம் விழுந்தது. விட்டுவிட்டேன். "ஒண்ண வுட்டுப் பத்தப் புடிக்கறதுதான் கேமு" என்று விளக்கமும் சொன்னேன். நடுவிலும் வலதிலும் விழுந்ததை எல்லாம் அழகாகப் பிடித்தேன். இடதில் இன்னொன்று விழுந்தது. மூன்றாவது பழம் இறங்கும்போது, "போப்பா, போ" என்று பின்னாலிருந்து எல்லாரும் சொன்னார்கள். பாதி போனேன். குண்டைப் பார்த்ததும் திரும்பிவிட்டேன். பழம் விழுந்தது. மொத்தம் முப்பது கூட வரவில்லை.

"குண்டு இருந்தா எவனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன்.

"எந்த குண்டு?" என்று ஜான் பாஷா வாங்கிப் பார்த்தான். கட்டைவிரலால் தேய்த்தான். குண்டு அவன் விரலோடு வந்துவிட்டது.

"அம்மா, இதுல மை வெச்சியா?"

திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "ஆமாண்டா. காலைலதான் பொட்டு வெச்சேன். அத ஏன் தொடச்சே?"

"இத்தினி நாளா இல்லாம இன்னிக்கி இன்னாத்துக்கு?"

திரை லேசாக விலகி உடனே மூடிக்கொண்டது. பிறகு, "இன்னிக்கி தனகோட்டி வர்றான்னு நீதான சொன்னே" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. ஜான் பாஷாவுக்கே சங்கடமாகிவிட்டது. "வுடுப்பா, இன்னொரு ஆட்டம் ஆடு" என்று பட்டனை அழுத்தி என்னிடம் நீட்டினான். நான் கையில் வாங்கிப் பார்த்தேன். மரம் இல்லை, ஆள் இல்லை, துடைத்த சிலேட்டு மாதிரி இருந்தது. அவன் வாங்கி அழுத்தினான். தட்டினான். ஒன்றும் வரவில்லை.

எல்லாரும் கேமைப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"பேட்டரி. பேட்டரி தீந்துருக்கும்பா" என்றேன். ஜான் பாஷா கேமை மறுபடி துணியில் சுற்றினான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு நிமிஷம், அந்தக் கேம் ஊருக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, எனக்கு வயிறு குளிர்ந்தது. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை டீக்கடைக்குப் போனேன். முருகையன் அப்போதுதான் பாலை அடுப்பில் வைத்திருந்தான். நான் வருவதைப் பார்த்ததும் ஒரு தட்டை எடுத்துப் பாலை மூடினான்.

"வா, தனகோட்டி" என்றான்.