பாதாம் தோட்டத்து மருந்து

பாதாம் பூத்திருந்த பிப்ரவரியில் ஒடிலியாவும் நானும் ஒரே வரிசையில் திராட்சைக் கொடி கட்டிக்கொண்டிருந்தோம். மெக்ஸிகோவின் வஹாக்காவில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து ஊர்தான் என்றாலும், கலிஃபோர்னியாவுக்கு வந்த பிறகே பழக்கம். அவளுக்கு அப்போது இரண்டாவது மாதம். அது அவள் கணவன் எலிஹியோவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். மேஸ்திரி ரெமிஹியோவின் காதுக்குப் போனால் மறுநாள் வேலைக்கு ஏற்றிப்போகும் வேனில் இடம் இருக்காது.

மண்சாலைக்கு அந்தப் பக்கம் பாதாம் தோட்டத்தில் டிராக்டர் மருந்து அடித்துக்கொண்டு போனது. காற்று திரும்பியது. வெள்ளைப் புகை போல ஈரம் எங்கள் மேல் வந்து படிந்தது. கண் எரிந்தது, நாக்கு கசந்தது.

ஒடிலியா கையிலிருந்த கொடியை விட்டாள். "எல்லாரும் வெளிய வாங்க."

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றான் ரெமிஹியோ. "பூவுக்கு அடிக்கிற மருந்துதானே. ஒண்ணும் பண்ணாது."

"மருந்துன்னா நீங்க ஒரு மடக்கு குடிங்க மேஸ்திரி. பாத்துட்டு வேலைக்கு எறங்குறோம்."

யாரோ சிரித்தார்கள். அவன் முகம் சிவந்தது. "வரிசைய முடிச்சுட்டுப் பேசு."

"முடிக்க மாட்டேன். நான் முழுகாம இருக்கேன்."

அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டாள். சொன்னவள் புகை படாத பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். நான் பின்னால் போனேன். மற்றவர்களும் வந்தார்கள்.

சாலை முனையில் மருந்துக் கேன்கள் ஏற்றிய வண்டி நின்றது. டிராக்டர்காரன் மருந்து நிரப்ப வந்து, முகமூடியைக் கழற்றினான். "என்ன அடிக்கிறீங்க?" என்று ஒடிலியா கேட்டாள். அவன் தோளைக் குலுக்கினான். "முகமூடி மட்டும் தெரிஞ்சு போட்டுக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு, கேனில் ஒட்டியிருந்த சீட்டை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டாள். கை கழுவும் தண்ணீர்த் தொட்டியில் முகத்தையும் தலையையும் கழுவினோம். அன்று யாரும் திரும்ப வேலைக்கு இறங்கவில்லை.

வீட்டுக்குப் போய்க் குளித்தவள், போட்டிருந்த சட்டையைத் துவைக்காமல் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்தாள். துவைத்தால் சாட்சி போய்விடும் என்று தொழிலாளர் கூட்டத்தில் கேட்டிருந்தாள். வேக வைக்கத் தமால் கொழுக்கட்டை எடுக்கப் போன எலிஹியோ திகைத்து நின்றான்.

"என்னடி, சட்டையவும் வேக வெக்கப் போறியா?"

"அதுல கைய வெச்சே, உன்னத்தான் வேக வெப்பேன்."

அவள் புகார் கொடுத்ததும் மாவட்ட விவசாய அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பையை வாங்கிப் போனார். துணியில் இருந்ததும் கேனில் இருந்ததும் ஒரே மருந்து என்று சோதனையில் தெரிந்தது. பாதாம் தோட்டத்து முதலாளிக்கு அபராதம் விழுந்தது. ரெமிஹியோ அவளுக்கு வேலை இல்லை என்றான். அவள் ஏறாத வேனில் நாங்களும் ஏறவில்லை. மதியத்துக்குள் அவனே அவளுக்கு ஃபோன் செய்து வரச் சொன்னான்.

மருத்துவமனைக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் லிண்ட்க்விஸ்ட் அம்மா எங்கள் பாஷையில் நன்றாகப் பேசுவார். ஃபோனில் இருந்த சீட்டின் படத்தைப் பெரிதாக்கிப் படித்தார்.

"உதடு, இருதயம், முதுகுத்தண்டு எல்லாம் உருவாகிற நேரம் இது. இந்த மருந்து வயித்துல இருக்கிற குழந்தைய என்ன பண்ணும்னு இன்னும் சரியாத் தெரியாது. நீ வெளிய வந்தது ரொம்ப நல்லது. விட்டமின் மாத்திரைய நிறுத்தாத. நாம பாத்துக்கிட்டே இருப்போம்."

ஐந்தாம் மாதம் ஸ்கேனில் தெரிந்தது. குழந்தையின் மேலுதடு இடது பக்கம் ஒட்டவில்லை.

"அந்தப் புகையாலயா?" என்று கேட்டாள் ஒடிலியா.

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒரு குழந்தைய வெச்சு யாராலயும் சொல்ல முடியாதும்மா. ஆனா இத தெச்சு சரிபண்ணலாம். அத நிச்சயமா சொல்றேன்."

காரில் ஏறி உட்கார்ந்தவள் சாவியைத் திருப்பவில்லை. கண்ணீர் மடியில் விழுந்துகொண்டிருந்தது. நான் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தெச்சுடலாம்னாங்கல்லக்கா? தெச்சுடுவோம்" என்று சொல்லி வண்டியை எடுத்தாள்.

பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருக்கவில்லை. "கிரகணத்தப் பாத்திருப்பா. இடுப்புல சாவி கட்டிக்கிட்டா கிரகணம் குழந்தைய அண்டாது. கட்டிக்கிட்டாளா, கேளு" என்றாள்.

"கிரகணம் எங்க வந்துச்சுக்கா? வந்தது டிராக்டர்" என்றாள் ஒடிலியா. "அதாலதான்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இனிமே எந்த வயித்துக்காரி மேலயும் அது படக் கூடாது. அத சொல்லுவேன்."

சொன்னாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு தொழிலாளர் கூட்டத்துக்கும் போய்ச் சொன்னாள்.

செப்டம்பரில் ஹசிந்தா பிறந்தாள். பால் குடிக்க வேறு மாதிரி பாட்டில் கொடுத்தார்கள். அழுத்தி அழுத்திக் கொடுக்க எலிஹியோதான் முதலில் கற்றுக்கொண்டான். ஜனவரியில் உதட்டைத் தைத்தார்கள்.

பாதாம் மறுபடி பூத்தது. மருந்து அடிப்பதற்கு முன்பே தோட்டத்திலிருந்து தகவல் வந்தது. ரெமிஹியோ எங்களை வயலின் மறுகோடிக்குக் கொண்டுபோனான். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி முதல் நாளே அவனிடம், "எனக்கு மூணாம் மாசம்" என்றாள். அவன் முணுமுணுத்தான். ஆனால் வேனில் இடம் கொடுத்தான்.

ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றோம். ரெமிஹியோ தயங்கித் தயங்கி வந்து குழந்தையைப் பார்த்தான்.

"தையல் நல்லாப் போட்டிருக்காங்க. தெரியவே இல்ல."

"தெரியுது மேஸ்திரி, நல்லாப் பாருங்க. தெரிஞ்சா என்ன?" என்று ஒடிலியா குழந்தையை அவன் கையில் கொடுத்தாள்.

அவனுக்குப் பிடிக்கத் தெரியவில்லை. ஹசிந்தா அவன் தொப்பி விளிம்பைப் பிடித்து இழுத்து, வாய் முழுக்கச் சிரித்தாள்.