ஊருக்கு உவமையான ஆள்

குராமோச்சிக்கு உவமை வராது. இரண்டு தடவை மேயர் தேர்தலில் நின்று இரண்டு தடவையும் மண்ணைக் கவ்வியதற்கு அதுதான் காரணம் என்று அவருடைய ஆட்களே முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஊர் நிதியை ஓட்டை வாளி என்றார். மீன்காரர்கள் கொட்டாவி விட்டார்கள். தன்னைப் பனி வாரும் வண்டி என்றார். அப்படியானால் வெயில் காலத்தில் எந்தக் கொட்டகையில் கிடப்பீர்கள் என்று ஒரு கிழவி கேட்டு மானத்தை வாங்கினாள். எதிரே நின்ற பழைய மேயரோ, நாமெல்லாம் ஒரே படகு, ஆளுக்கொரு துடுப்பு என்று பல வருஷமாகப் பாடிய பாட்டையே பாடி ஜெயித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை குராமோச்சிக்கு ஒரு உவமை கிடைத்தது. ஜெயித்துவிட்டார்.

அதைக் கொடுத்தவள் மசுயே. கொடுத்தாள் என்று சொல்வதும் தப்பு, அவள் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

நமிகுச்சித் துறைமுகத்தில் மசுயேயின் குரலைத் தெரியாதவர் கிடையாது. சின்ன வயதில் சுற்றுலா பஸ்ஸில் ஊர் காட்டி, பாட்டுப் பாடி வந்தவள். அப்புறம் தேர்தல் வந்தால் வேட்பாளரின் வண்டியில் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, ஜன்னல் வழியே கையாட்டி, மைக்கில் அவர் பேரைச் சொல்லி ஓட்டுக் கேட்கிற வேலை. தேன் மாதிரிக் குரல். கட்சி பேதமில்லாமல் கூப்பிடுவார்கள்.

அவள் புருஷன் இவாவோ மீன் ஏலக்கூடத்தில் ஏலம் விட்டவர். வாசலில் கிடக்கிற செய்தித்தாளை எடுக்கக்கூடச் சட்டையைத் தேய்த்து மாட்டிக்கொண்டு போகிற மனுஷர். பக்கவாதம் வந்து வலது பக்கம் மொத்தமும் போனது, பேச்சும் போனது. காதும் புத்தியும் மட்டும் முழுசாக மிஞ்சின. அதுதான் கொடுமை. ஆஸ்பத்திரியில் ஒரு எழுத்துப் பலகை கொடுத்தார்கள். இடது கை விரலால் ஒவ்வொரு எழுத்தாக அவர் தொடுவார். தொட்டதை மசுயே சத்தமாகப் படிப்பாள், சரியென்றால் கண்ணை மூடித் திறப்பார். அந்தப் பலகையில் அவர் முதல்முதலாகத் தொட்டுக் காட்டிய வாக்கியம், யாரையும் உள்ளே விடாதே என்பது.

மசுயே விடவில்லை. கேட்டவர்களிடம், தடியூன்றி நடக்கிறார், பேப்பர் படிக்கிறார், பனி போனதும் வெளியே வருவார் என்று சொல்லியே மூன்று பனிக்காலத்தை ஓட்டினாள். அவள் வேலைக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளக்கூட உள்ளூர் ஆளைச் சேர்க்காமல் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண்ணை வைத்துக்கொண்டாள். ஊரார் கண்ணில் இவாவோ இன்னும் அதே தேய்த்த சட்டை இவாவோதான். அவருக்கு மிச்சமிருந்த சொத்து அது ஒன்றுதான், அதை அவள் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

பிரசாரம் தொடங்கிய புதிதில் ஒரு மத்தியானம் அலைதடுப்புச் சுவரோரம் வண்டியை நிறுத்திச் சோற்றுருண்டை சாப்பிட்டார்கள். குராமோச்சிக்குப் புரையேறியது. மசுயே யோசிக்காமல் அவர் முதுகைத் தடவி, தலையைக் குனிய வைத்து, மெதுவா, மெதுவா என்றாள். இவ்வளவு பழக்கமாகச் செய்கிறீர்களே என்று அவர் கேட்டார். என்ன சனி நாக்கில் உட்கார்ந்ததோ, மூன்று வருஷம் அடக்கி வைத்ததெல்லாம் கொட்டிவிட்டது. கரண்டி வந்தால் வாயைத் திறப்பது, கஞ்சி சுட்டால் சொல்ல முடியாமல் கண்ணில் நீர் வருவது, துணி மாற்றும்போது வெட்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொள்வது, எல்லாவற்றையும் சொன்னாள். குராமோச்சி சாப்பாட்டைக் கீழே வைத்துவிட்டார். அவர் கண்ணும் கலங்கியது. பாவி அந்தக் கண்ணீரை நம்பினாள்.

சாயங்காலம் சூப்பர் மார்க்கெட் வாசலில் அவர் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம ஊரு எப்படிக் கெடக்கு தெரியுமா? பக்கவாதம் வந்து படுத்துட்ட ஆம்பளை மாதிரிக் கெடக்கு. தோக்கியோவுலேர்ந்து ஒரு கரண்டி கஞ்சி வந்தா வாயைத் தொறக்குது. சுட்டாலும் சொல்லத் தெரியல. படுத்த எடத்துலயே நனைச்சுக்குது, யாராச்சும் தொடைக்க வந்தா வெக்கத்துல கண்ணை மூடிக்குது. நான் தொடைக்கிறேன். தொடைச்சு எழுப்பி உக்கார வைக்கிறேன்."

கூட்டம் கை தட்டியது பாருங்கள், பக்கத்துத் தெருவிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். பொம்பளைகள் கண்ணைத் துடைத்தார்கள். மசுயே அவர் பக்கத்தில் வெள்ளைக் கையுறையோடு சிரித்தபடி நின்றாள். வண்டியில் ஏறியவள் சிரிக்காமல் இருக்கக் கூடாது, அது தொழில்.

என் வீட்டுக் கதையை மேடையில் சொல்லலாமா என்று அன்றைக்கே கேட்டாள். அவருக்குக் கோபமே வரவில்லை.

"பேர் சொன்னேனா, மசுயே சான்? ஊரைத்தானே சொன்னேன். உங்க கஷ்டத்துக்கும் ஒரு பிரயோஜனம் வந்துச்சுன்னு வெச்சுக்குங்க."

எங்கள் தெருவில் மட்டும் வேண்டாம், அவருக்குக் காது கேட்கும் என்று தலை குனிந்து வேண்டினாள். குராமோச்சி நெஞ்சில் கை வைத்து, உங்கள் தெருவுக்கு வண்டியே வராது என்றார். அந்தச் சூட்டிலேயே, கையில் பிடிமானம் இருக்கிறதா, எந்த விரல் அசையும் என்று வைத்தியர் மாதிரி விசாரித்தார். எல்லாரும் சென்செய் என்று மரியாதையாகக் கூப்பிடுகிற மனுஷர் கேட்கிறாரே என்று அவளும் பதில் சொன்னாள். காலையில் சொன்னது சாயங்காலம் மேடையில் ஏறியது. தினமும் இதே கூத்து. கேட்டால் சொல்லாமல் இருக்க அவளுக்குத் தெரியவில்லை. மூன்று வருஷமாக அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

பிரசாரத்தின் கடைசி நாள் குராமோச்சியின் தொண்டை கட்டிக்கொண்டது. மேலத்தெருவில் பழைய மேயர் பேசிவிட்டுப் போயிருக்கிறார், கூட்டம் இன்னும் கலையவில்லை என்று குராமோச்சியின் காரியதரிசி நெமோத்தோ சொன்னான். மேலத்தெரு மசுயேயின் தெரு. அவள் குராமோச்சியைப் பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே கையாட்டிக்கொண்டிருந்தார்.

வண்டி அவள் வீட்டுக்கு நேரெதிரே நின்றது. இளவேனில் காற்றுக்காக ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது, திரை மட்டும் தொங்கியது. குராமோச்சி மைக்கை அவள் கையில் கொடுத்தார்.

"எனக்குக் குரல் போச்சு. நீங்க சொன்னா அதுல உசுரு இருக்கும்."

அவள் வேட்பாளர் பேரைச் சொன்னாள், நன்றி சொன்னாள், சாலை போடுவதைப் பற்றிச் சொன்னாள். கஞ்சிக் கதையைச் சொல்லு என்று யாரோ கத்தினான். சிரித்தார்கள். சரி, சுருக்கமாகச் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தாள். ஆனால் அந்தக் கதை அவளுடையது. ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. நாற்றத்தைச் சொன்னாள், ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்க வேண்டும் என்று சொன்னாள். குராமோச்சி கனவிலும் நினைக்காததெல்லாம் அந்தத் தேன் குரலில் வந்தது. சொல்லச் சொல்ல அவளுக்கு ஆசுவாசமாக இருந்தது. அதுதான் உண்மை, மறைத்து என்ன லாபம்.

"காலையில கண்ணு முழிச்சதும், மூச்சு நின்னுருக்கக் கூடாதான்னு தோணும். நின்னுருக்காது. திரும்பவும் கஞ்சி வெக்கணும்."

கை தட்டல் வரவில்லை. கூட்டத்தில் ஒவ்வொரு தலையாக அந்த ஜன்னல் பக்கம் திரும்பியது. குராமோச்சி மட்டும், ஆஹா என்று தலையாட்டினார்.

வீட்டுக்குப் போனபோது இவாவோ விழித்திருந்தார். அழுது ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை, பலகையைக் கேட்டார். ஓட்டு என்று தொட்டார். வரிசையில் ஊரே நிற்கும், எல்லாரும் பார்ப்பார்கள், வேண்டாம் என்று மசுயே அவர் காலைப் பிடித்துக் கெஞ்சினாள். பார்க்கட்டும் என்று தொட்டார்.

மறுநாள் காலையில் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தாள். தேய்த்த சட்டையை எடுத்தாள், வேண்டாமென்று தலையசைத்தார். கஞ்சி சிந்திய இரவுச் சட்டையோடுதான் வருவாராம். கோணிய வாயையாவது மறைக்கலாம் என்று முகக்கவசம் மாட்டினாள். இடது கையால் பிய்த்து எறிந்தார். துறைமுகத்துச் சாலை நெடுக அப்படியே தள்ளிக்கொண்டு போனாள். கடைக்காரர்கள் குனிந்து வணங்கினார்கள், யாரும் முகத்தைப் பார்க்கவில்லை.

பள்ளிக்கூட வாசலில் குராமோச்சி மனைவியோடு ஓட்டுப் போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார். நின்று இவாவோவை மேலும் கீழும் பார்த்தார்.

"இவருதானா? நான் நெனைச்சதுக்கு இவரு பரவாயில்லையே" என்று கரகரத்த குரலில் அவள் காதோரம் சொன்னார். அதில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

உள்ளே இரண்டு அதிகாரிகள் இவாவோ தொட்டுக் காட்டிய பேரைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டார்கள். யார் பேர் என்று மசுயேக்குத் தெரியாது, அவளைத் தரையில் போட்ட கோட்டுக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். வெளியே வந்ததும் வீட்டுக்குத் தள்ளப் போனாள். அவர் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினார். பலகையைக் காட்டினார். மைதானத்தில் வரிசை நீளமாக நின்றது. மேலத்தெருக்காரர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள்.

அவர் தொட்டார். அவள் முணுமுணுத்தாள். அவர் கண்ணை மூடித் திறக்கவில்லை. சத்தமாகப் படிக்கிற வரைக்கும் விரலை அந்த எழுத்திலிருந்து எடுக்கவே இல்லை. கடைசியில் ஊருக்கே தெரிந்த அந்தக் குரலில் அவள் படித்தாள்.

"அந்த ஆளு நான்தான். மூச்சு இன்னும் நிக்கல. என் பொஞ்சாதிக்குத் தொந்தரவு குடுக்கிறதுக்கு எல்லாரும் மன்னிக்கணும்."

வரிசையில் யாரோ விசும்பினார்கள். மசுயே நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, போதும், வாங்க போகலாம் என்றாள். இவாவோ வரிசையின் கடைசி வரைக்கும் நிதானமாகப் பார்த்தார். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தாரோ என்னவோ, விரலைத் தூக்கி மறுபடியும் முதல் எழுத்தில் வைத்தார்.