தங்கிப்போன பன்னிரண்டு பாட்டுகள்

2012 ஜூன் மூன்றாம் தேதி மறைமலை நகரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பாடிய பாட்டு, பாடியவர்கள் வேன் ஏறிப் போன பிறகும் அங்கேயே தங்கிவிட்டது. மறுநாள் பகல் பன்னிரண்டே காலுக்கு, ஆளில்லாத கூடத்தில், அது முதல் வரியிலிருந்து தானாக ஆரம்பித்து நாலே முக்கால் நிமிடத்தில் முடிந்தது. அன்று முதல் தினமும் அப்படித்தான். சமையல்காரர்கள் இரண்டு நாள் பயந்தார்கள். மூன்றாம் நாள், அந்தத் தாளத்துக்குச் சாம்பார் ஊற்றினால் பந்தி சீக்கிரம் முடிகிறது என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ற மாதிரி இலை போடத் தொடங்கினார்கள்.

பாட்டுக்காரர்கள் மூன்று பேர், மூவரும் இருங்காட்டுக்கோட்டையில் முனியம்மாள் கட்டிய இருபத்திரண்டு அறை மாடி வீட்டில் குடியிருந்தவர்கள். சங்கரன்கோவில் பக்கத்துப் பேச்சிராஜ் கிதார் வாசிப்பான். அவனோடு ஒரே அறையில் இருந்த முப்பிடாதி, உதிரிபாகம் வந்திறங்கிய மரப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து அந்தப் பெட்டியையே தட்டுவான். பாட்டு எழுதியதும் பாடியதும் வேல்விழி. கோவில்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கரிசல் ஊர்க்காரி, செல்போன் கம்பெனி அசெம்ப்ளி லைனில் நின்றவள். கம்பெனியில் ராத்திரி வேலைக்குச் சொல்லும் 'சி ஷிப்ட்' என்பதுதான் குழுவின் பெயர். மூன்று வருடத்தில் பன்னிரண்டு பாட்டு சேர்ந்திருந்தது. சினிமாப் பாட்டு பாடமாட்டோம் என்று சொன்னதால் யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. அந்த வருடம் மே மாதம் மூவருக்கும் காண்டிராக்ட் முடிந்து ஒரே வாரத்தில் வேலை போனது. கூப்பிடாவிட்டாலும் இடம் கிடைத்த ஊருக்கெல்லாம் போய்ப் பாடுவது என்று கிளம்பிவிட்டார்கள். அவர்களுடைய அறைகளை வேறு யாருக்கும் விடாமல் முனியம்மாள் பூட்டி வைத்தார்.

அந்த ஜூனிலிருந்து, ஓர் இடத்தில் எத்தனை பாடினாலும் கடைசியாகப் பாடிய பாட்டுதான் அங்கே தங்கும். தங்கியது திரும்பி வராது. வேல்விழியின் நோட்டில் அந்தப் பாட்டு எழுதிய பக்கம் வெள்ளையாகிவிடும். மூவருக்கும் மெட்டு மறந்துபோகும். செல்போனில் பதிவு செய்தவர்களுக்கு இருமல் சத்தமும் நாற்காலி இழுக்கும் சத்தமும்தான் மிஞ்சின. தண்டலத்தில் ஒரு கல்லூரி கேன்டீனில் தங்கிய பாட்டு பரீட்சை நேரத்திலும் நிற்கவில்லை என்பதால் கல்லூரி பரீட்சையை அரைமணி தள்ளி வைத்தது. ஓசூரில் ஒரு பைக் ஒர்க்‌ஷாப்பில் ஒன்று. கோயம்புத்தூரில் மாடியில் இருந்த புத்தகக் கடையில் ஒன்று. அந்தக் கடை பிறகு புடவைக் கடையாக மாறியது, பாட்டு காலி செய்யவில்லை. பாண்டிச்சேரியில் காப்பிக் கடை, திருச்சியில் மெக்கானிக் சங்கத்தின் தகரக் கொட்டகை என்று ஐந்தரை மாதத்தில் பதினோரு இடம் முடிந்தது. நவம்பரில் அவர்கள் இருங்காட்டுக்கோட்டைக்குத் திரும்பியபோது கையில் ஒரு பாட்டு மிச்சம் இருந்தது.

அந்த ஒன்றை வேல்விழி எந்த மேடையிலும் எடுத்ததில்லை. அவளுடைய அம்மா உலகம்மாள் சாயங்காலம் ஆடுகளைக் கூப்பிடும் கூப்பாடுதான் அந்தப் பாட்டின் பல்லவி. நாலு வருடத்துக்கு முன்பு, மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று வேல்விழி பஸ் ஏறியபோது, "போனவ அங்கனயே இரு" என்று சொன்னவர் உலகம்மாள். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் இருபத்திரண்டு அறை ஆட்களும் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். முனியம்மாள் வேல்விழியைத் தேடிக்கொண்டு கீழே வந்தார்.

"ஊர் ஊரா போயி எல்லார் வூட்லயும் ஒண்ணொண்ணு வுட்டுட்டு வந்துக்கீறீங்க. எங்க வூட்டுக்கு இன்னாம்மா?"

வேல்விழி பேச்சிராஜைப் பார்த்தாள். "அதப் பாடுனா எங்கம்ம சத்தம் எனக்கு மறந்துரும்ணே. அவகிட்டருந்து நான் கொண்டாந்தது அது ஒண்ணுதான்."

"அப்பம் வேண்டாம்மா, நான் போய்ச் சொல்லுதேன்" என்று பேச்சிராஜ் எழுந்தான். பெட்டியைத் தூக்கப்போன முப்பிடாதியும் கையை எடுத்துவிட்டான். வேல்விழி நோட்டில் மிச்சமிருந்த அந்த ஒரு பக்கத்தைத் திறந்தாள். மேலே யாரோ பொறுமையில்லாமல் கை தட்டினார்கள். "பரவால்ல, வாங்க" என்று அவளே முதலில் படியேறினாள்.

ஆறே முக்காலுக்குப் பாடினாள். முடிந்ததும் மாடி முழுக்க விசில். அவள் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்து, "நான் இப்ப என்ன பாடுனேன்?" என்று பேச்சிராஜைக் கேட்டாள். அவனுக்கும் தெரியவில்லை. மறுநாள் அதே நேரத்துக்குப் பாட்டு வந்தபோது, அதைக் கேட்க அவள் அங்கே இல்லை. விடிந்ததும் கோவில்பட்டிக்கு பஸ் ஏறியிருந்தாள்.

ஊர் சேர்ந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற மகளை உலகம்மாள் தலையிலிருந்து கால்வரை ஒருதரம் பார்த்தார்.

"வந்துட்டியா? செவலக் குட்டியக் காணல. போயித் தேடு."

வேல்விழி பையை வைத்துவிட்டு ஓடைப்பக்கம் போனாள். குட்டி அகப்படவில்லை. கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து அம்மாவின் கூப்பாடு வந்தது. இழுத்து, உயர்த்தி, கடைசியில் சட்டென்று முறித்து. குட்டி எங்கிருந்தோ ஓடிவந்து அவளைத் தாண்டிப் போனது. வேல்விழி வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். ராத்திரி சோறு போடும்போது உலகம்மாள் மீன் துண்டுகளையெல்லாம் மகள் பக்கம் தள்ளினார். ஒன்பது நாள் அங்கே இருந்துவிட்டு அவள் திரும்பினாள்.

பொங்கல் கழிந்து உலகம்மாள் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தார். முனியம்மாள் அவரை மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். ஆறே முக்காலுக்குப் பாட்டு ஆரம்பித்தது. பல்லவியில் தன் கூப்பாட்டைக் கேட்டதும் உலகம்மாள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"நான் இம்புட்டு இழுத்தா கூப்பிடுதேன்?" என்றார். பிறகு உதட்டைச் சுழித்தார். "இதுக்கெல்லாம் ஆடு வராது."

சரணம் முடிவதற்குள், பக்கத்துத் தெருவில் யாரோ வளர்த்த கறுப்பு ஆடு ஒன்று மூன்று மாடி ஏறி வந்து அவர் முன்னால் நின்றது. உலகம்மாள் அதன் காதைப் பிடித்துத் தடவினார். அதன் பிறகு அவர் பாட்டைக் குறை சொல்லவில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை வந்து போனார்.

சி ஷிப்ட்டுக்குப் புதுப் பாட்டுகள் வந்தன, போய்க்கொண்டும் இருந்தன. மூவரும் வேறு கம்பெனிகளில் சேர்ந்து லீவு நாளில் மட்டும் வெளியூர் போனார்கள். 2015இல் எட்டாம் நம்பர் அறைக்குத் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தபோது, முனியம்மாள் சாவியைக் கொடுத்துவிட்டு வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்:

"தண்ணி காலைல ஆறுக்கு வரும். சாயங்காலம் ஆறே முக்காலுக்குப் பாட்டு வரும். கூடவே ஆடுங்களும் வரும், மாடிக் கதவ மட்டும் சாத்தி வெக்காதீங்க."