தோளில் வைத்த கை

கலந்தர் முதலாளி தன் கையைச் சீனிமுகம்மதுவின் தோளில் வைத்தபோது, விரல் நுனிகளை மட்டும் வைத்தார், சூடான சட்டியைத் தொடுகிறவர் மாதிரி. கல்முனைக் கடைத்தெருவில் பாதி அவருடையது. மீதிப் பாதி இன்னும் தன் கைக்கு வரவில்லையே என்ற கவலையில் அவருக்குச் சோறு இறங்குவதில்லை. சீனிமுகம்மது அவருக்கு இடுப்பில் கட்டும் சாரன் நெய்து கொடுக்கும் மருதமுனைத் தறிக்காரர். நெசவாளியோடு தோழமையாய் நிற்கும் படம் ஒன்று கொழும்பு வியாபாரிகளுக்குக் காட்ட முதலாளிக்கு வேண்டியிருந்தது.

சீனிமுகம்மதுவுக்கும் அது வேண்டியிருந்தது, வேறொரு காரியத்துக்கு. மகள் சபூறாவுக்குப் பேசிய மாப்பிள்ளை மசூரின் உம்மா ஹாஜறா, "வீட்டக் கட்டி முடிக்க ஒங்கட பின்னால ஆரு இரிக்கிற?" என்று கேட்டிருந்தாள். பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் இந்தக் கரையில் கலியாணம் ஏது? மகளுக்காக அவர் கட்டத் தொடங்கிய வீடோ சுவரோடு நின்றது. முதலாளி தோளில் கைபோட்ட படத்தைக் காட்டினால் கூரை தானாக ஏறிவிடும் என்று நம்பினார்.

படம்பிடிப்பவன் பாண்டிருப்பு அழகரெத்தினம். வெறும் ஃப்ளாஷ் பல்ப் வெளிச்சத்தில் முகம் அரிசிமாப் பூசியது போலாகிவிடும். வெறும் ஜன்னல் வெளிச்சத்தில் பாதி முகம் கிணற்றுக்குள் போய்விடும். ஆகவே முதலாளியின் கடைக்குள் அவன் இரண்டையும் கலந்தான்.

"பல்ப் அடிச்சதும் படம் முடிஞ்சிதெண்டு நினைக்காதீங்க. மறுகா ஜன்னல் வெளிச்சம் உள்ள வரணும். மனசுக்குள்ள நபிக்கு ஒரு ஸலவாத்து ஓதி முடியுமட்டும் அசையக் கூடாது."

"நீ எனக்கு ஸலவாத்துப் படிச்சித் தாறியா?" என்றார் முதலாளி.

கமராவின் மூடி திறந்தது, பல்ப் வெடித்தது. அந்த வெளிச்சத்தில் எழும்பிய கடைத்தெருக் காகங்கள் காததூரம் தள்ளி இறக்காமத்தில் போய்த்தான் இறங்கின. அவற்றைக் கண்டு வயலுக்குள் நின்ற யானைகள் காட்டுக்கு ஓடியதாகவும் கேள்வி. சீனிமுகம்மது இமைக்காமல் நின்று ஸலவாத்தைத் தொடங்கினார். முதலாளி கையை எடுத்து, விரல்களைச் சாரனில் துடைத்து, வாசல் பக்கம் திரும்பித் தேத்தண்ணிக்குக் குரல் கொடுத்தார். மூடி இன்னும் திறந்துதான் இருந்தது. அழகரெத்தினம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல், ரசித்து, இன்னும் கொஞ்சம் திறந்தே வைத்திருந்தான்.

கழுவி வந்த படத்தில் சீனிமுகம்மது தாடியின் ஒவ்வொரு நரையோடும் உயிரோடு நின்றார். பக்கத்தில் முதலாளிக்கு இரண்டு தலை. வயிற்றுக்கூடாகப் பின்னால் கிடந்த கதிரையின் சாய்வுப்பலகை தெரிந்தது. தோளில் கிடந்த கை சாம்பிராணிப் புகை மாதிரி. அதற்குள்ளால் சட்டையின் கோடுகள் ஓடின.

"இதென்னடா, மௌத்தானவன எழுப்பி வச்சி எடுத்த மாதிரி?"

"கொஞ்சம் அவசரப்பட்டிட்டீங்க முதலாளி."

சீனிமுகம்மது மெல்லக் கேட்டார்: "இன்னொருக்கா எடுப்பமா முதலாளி?"

"இன்னொருக்கா ஒன்னத் தொடுறதா? மறுகா நான் குளிக்கணும் சீனிம்மது." கடையாட்கள் சிரித்தார்கள். அதில் உற்சாகமான முதலாளி, துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துப் படத்தை நடுவால் வெட்டி ஒரு பாதியை வீசினார். "இந்தா, ஒண்ட பங்கு."

மணிக்கட்டோடு வெட்டுப்பட்ட கை சீனிமுகம்மதுவின் பங்கில் இருந்தது. கை இருக்கிறதே, அது போதாதா என்று எண்ணிக்கொண்டு, மடிப்பு விழாமல் அதைச் சாய்ந்தமருதிலிருந்த மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

ஹாஜறா மீன் கழுவிக்கொண்டிருந்தவள், அப்படியே எழும்பி வந்து வாங்கிப் பார்த்தாள்.

"கை இரிக்கி. ஆள எங்க?"

"முதலாளிட கை."

"உள்ளால சட்டக் கோடு தெரியிதே. முதலாளியா, ஜின்னா?"

குசினி அடுப்படியில் நின்ற மாப்பிள்ளையின் தங்கைமார் வாய்பொத்திச் சிரித்தார்கள். ஹாஜறா சிரிக்கவில்லை. விரலால் அந்தக் கையைத் தேய்த்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள்.

"மசூர், இஞ்ச வா மனெ. ஒண்ட வீட்டுக்குக் கூரை போடப்போற கையப் பாரு."

அவள் நகத்திலிருந்த மீன் செதிலொன்று படத்தில், சீனிமுகம்மதுவின் தோளில் ஒட்டிக்கொண்டு, வாசல் வெயிலில் பளிச்சென்று மின்னியது.