குழந்தைகள் இருந்த அறை

விடிவதற்குள் பெங்களூரு பொம்மனஹள்ளியில் குப்பை பிரிக்கும் கொட்டகையில் முதல் லோடு கொட்டியாகிவிட்டது. பெண்கள் குவியலைச் சுற்றி உட்கார்ந்து கைகளை உள்ளே விட்டார்கள். பால் கவர் ஒரு பக்கம், பாட்டில் ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம். புளித்த சோற்றின் நாற்றம் தொண்டையில் அடைத்துக்கொண்டு நின்றது. உடைந்த கண்ணாடி கையுறையைக் கிழித்து விரலில் ஏறியது.

சொர்ணம் தன் இரண்டு வயது மகன் கவியரசனைப் பழைய துப்பட்டாவால் இரும்புத் தூணோடு கட்டிப்போட்டிருந்தாள். அவன் அழுகை அடங்கும்வரை அந்தப் பக்கம் திரும்பமாட்டாள். திரும்பினால் கை ஓடாது.

போன வருஷம் வரை இப்படியில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு தொண்டு நிறுவனம் குழந்தைகள் காப்பகம் நடத்தியது. அங்கன்வாடி திறக்க வெயில் ஏறிவிடும். அங்கே இத்தனை சின்னக் குழந்தையை விடவும் முடியாது. காப்பகமோ இருட்டோடு திறக்கும். கஞ்சி உண்டு, பாய் உண்டு. செலவுக்குப் பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது. ஒருநாள் அது நின்றது.

காப்பகத்தைக் கவனித்துவந்த ஆஞ்சலா, நகரின் மறுகோடியிலுள்ள காக்ஸ் டவுனிலிருந்து ஸ்கூட்டரில் வருபவள், அதைச் சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அவங்க பிரயாரிட்டிய மாத்திட்டாங்க. இனிமே அந்த ரூம்ல படிச்ச பசங்களுக்குக் கம்ப்யூட்டர் கிளாஸ். வறுமைய அதுதான் சீக்கிரம் கொறைக்குமாம்."

"யாரு வறுமைய?" என்று கேட்டாள் சொர்ணம். "எங்கள ஒரு வார்த்த கேட்டாங்களா மேடம்?"

காப்பகச் சுவரில் வரைந்திருந்த யானைமேல் வெள்ளையடித்தார்கள்.

கொட்டகையில் இந்த விடிகாலை, கவியரசனின் இடுப்பில் துப்பட்டா அறுத்துச் சிவந்த தடத்தைப் பார்த்த சொர்ணம், முடிச்சைத் தளர்த்தி விட்டிருந்தாள். அவன் நழுவி வந்ததை யாரும் கவனிக்கவில்லை. எந்த வீட்டிலோ மிச்சமான கக்கூஸ் ஆசிட்டை ஜூஸ் பாட்டிலில் ஊற்றி மூடிக் குப்பையில் போட்டிருந்தார்கள். மூடி உடைந்திருந்தது. குழந்தை அதை வாயில் வைத்துச் சாய்த்தது.

அலறல்கூட முழுதாக வரவில்லை. லோடு வண்டி ஓட்டும் தினேஷ் குப்பை வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு விரட்டினான். அங்கே போய்ச் சேர்ந்தபோது சொர்ணத்தின் மடியில் உயிரில்லாத பாரம்தான் இருந்தது.

துக்கத்துக்குப் பின் சொர்ணம் வேலைக்குத் திரும்பிய அன்று, கொட்டகை முதலாளி ராஜேந்திரன் வாசலில் நின்றான்.

"இனிமே ஒரு குழந்தையும் உள்ள வரக்கூடாது. போலீஸ் கேஸுன்னா நான்தானே அலையணும்?"

"எங்க விட்டுட்டு வர்றது சார்?" என்றாள் தீபிகா. அவள் இடுப்பில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அத எங்கிட்ட கேட்டா? பெத்தவங்க பாத்துக்கணும். பாத்திருந்தா அன்னிக்கு அப்படி ஆகியிருக்குமா?"

எல்லாரும் சொர்ணத்தைப் பார்த்தார்கள். அவள் ராஜேந்திரனை நேராகப் பார்த்தாள்.

"என் கண்ணு உன் குப்பையிலதான் இருந்துச்சு சார். அதுக்குத்தானே கூலி குடுக்கற?"

ராஜேந்திரன் வாய் திறக்குமுன் அவள் கையுறையைக் கழற்றி வாசற்படியில் வைத்தாள். தீபிகா தன்னுடையதை அதன்மேல் வைத்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்து வைத்தார்கள்.

"பின்னாடி குடோன் பூட்டித்தானே கெடக்கு? அதத் தொறந்து பசங்களுக்கு விடு," என்றாள் சொர்ணம். "பாத்துக்க ஒரு ஆள் போடு. அதுவரைக்கும் எவளும் குப்பைய தொடமாட்டா."

"வேற ஆள் கெடைக்காதா எனக்கு?"

"கெடைக்கும். அவங்களுக்கும் குழந்தைங்க இருக்கும்."

அந்த நேரம் தினேஷ் அடுத்த லோடோடு வந்து சேர்ந்தான். "கொட்டுடா!" என்று கத்தினான் ராஜேந்திரன். தினேஷ் வாசலில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தான். இன்ஜினை அணைத்துச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

"அந்தக் கொழந்தய தூக்கினு ஓடினவன் நான். கொட்டமாட்டேன் சார்."

வெயில் ஏறியபோது விஷயம் கேள்விப்பட்டு ஆஞ்சலா வந்தாள். சொர்ணத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பணம் தர்றவங்க அடுத்த வாரம் வர்றாங்க," என்றாள். "கிளாஸைக் காட்டச் சொல்லியிருக்காங்க. நான் இங்கதான் கூட்டிட்டு வருவேன். வேலை போனா போகட்டும்."

"கூட்டினு வாங்க. நாங்களே பேசறோம்," என்றாள் தீபிகா. "கம்ப்யூட்டர் வேணாம்னு சொல்லல. நாளைக்கு எங்க பசங்களும் அதுல ஒக்காரணும். மொதல்ல அதுங்க உயிரோட இருக்கணும் இல்ல?"

ராஜேந்திரன் கதவைச் சாத்திக்கொண்டான். குடோன் திறக்கவில்லை. கொட்டாத குப்பை வண்டியிலேயே அழுகத் தொடங்கியது. பெண்கள் வாசலோரத்து வேப்பமர நிழலில் தார்ப்பாயைக் கட்டிக் குழந்தைகளை உட்காரவைத்தார்கள்.

"மொறை போட்டுப் பாத்துக்கலாம். இன்னிக்கு யாரு?" என்றாள் ஒருத்தி.

"நான்," என்றாள் சொர்ணம்.

தீபிகா எழுந்து, மகளைச் சொர்ணத்தின் மடியில் உட்காரவைத்தாள். குழந்தை அண்ணாந்து பார்த்தது.

"அத்த, கவி எங்க?"

சொர்ணம் அவளை இறுக அணைத்துக்கொண்டு அழுதாள். பெண்கள் நெருங்கி வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தியும் வாசலைவிட்டுப் போகவில்லை.